மரியம் அக்கா எரித்த கயிறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அந்தோணி, காலை ரயிலில் கிள்ளானிலிருந்து வருபவர். போன செவ்வாய்க்கிழமை எங்கள் வாசலில் நின்றவர் கூடையை இறக்கவில்லை. தலைச்சுமையோடே சொன்னார்.

“ஐயா, கயித்துக்கடை மரியம் அக்கா தவறிட்டாங்க. ஞாயித்துக்கிழமையே அடக்கம் பண்ணியாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோன்னு கேட்டேன்.”

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என்ன மீன் வாங்கினேன், வாங்கினேனா என்பதே நினைவில்லை. உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். “எங்கேதான் போகணும்? போயிட்டு வந்துடுங்களேன்” என்றாள் என் மனைவி. சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன். மண்ணில் வைத்து இரண்டு நாள் ஆகிவிட்ட ஒருவருக்காக அவசரப்பட எதுவும் இல்லை. ஆனாலும் பெட்டிக்குள் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடந்துகொண்டே போனேன்.

கிள்ளானில் கால்கள் தாமாக ஆற்றங்கரைத் தெருவுக்குத் திரும்பின. கயிற்றுக்கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிளும் டயரும் விற்கிறார்கள். வாசலில் வெகுநேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது. உள்ளே இருந்த சீனர் வந்து, எந்தச் சைக்கிள் வேண்டும் என்று மலாயில் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நகர்ந்தேன்.

மரியம் அக்காவை அறிந்தவர்கள் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் கடையைப் பற்றி உங்களுக்கெல்லாம் ஒரு கதை தெரியும். தம்பி யூசுப் கெட்ட கயிற்றை விற்றார், ஒரு மனிதரின் கை போயிற்று, கடை நொடித்தது என்பது அந்தக் கதை. அதில் ஒரு பாதி சரியில்லை. அது சரியில்லை என்பது இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியும்.

கடையை முதலில் போட்டவர் அவர்களுடைய தகப்பனார் காதர் மரைக்காயர். நாகூரிலிருந்து பாய்க்கப்பலில் வந்தவர். ஆற்றுமுகத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். மரியம், யூசுப் என்று இரண்டு பிள்ளைகள். தகப்பனார் இறந்தபோது மரியம் அக்காவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை என்பார்கள். நான் அந்தக் கடைக்குள் முதலில் கால் வைத்தபோது அவருக்கு முப்பது இருக்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

படகுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அங்கே கிடைக்கும். மணிலாக் கயிறு, தேங்காய் நார்க் கயிறு, பாய் தைக்கக் கித்தான், செப்பு ஆணி, கப்பி, நங்கூரம், துடுப்பு, விளக்கு, விளக்குக்கு மண்ணெண்ணெய், பலகை இடுக்கில் பூசும் குங்கிலியம். உள்ளே நுழைந்தால் கண் பழகுவதற்கு முன் மூக்கு பழகிவிடும். யூசுப் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவார், சிரிப்பார், தேநீர் வரவழைப்பார். அக்கா ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பரணில் ஏறுவார், இறங்குவார், அடுக்கிய கயிற்றைக் கலைத்து மறுபடி அடுக்குவார். “உக்காருங்கக்கா” என்றால், “உக்காந்தா எனக்கு முழங்கால் அரிக்குது” என்பார்.

நான் துறைமுகத்தில், போர்ட் ஸ்வெட்டன்ஹாமில், தனியார் சரக்குக் கிடங்கு ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். கப்பலில் அவர்கள் கடைக்கு வரும் சரக்கு எங்கள் கிடங்கில்தான் இறங்கும். வந்த தகவலைச் சொல்லவும் கையெழுத்து வாங்கவும் வாரத்துக்கு ஒருமுறை கிள்ளானுக்கு ரயிலேறுவேன். அங்கே போனால் சீக்கிரம் திரும்ப மனம் வராது.

மலாய்க்காரர்கள் கயிற்றைத் ‘தாலி’ என்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தோட்டத்துப் பெரியவர் விளக்கு வாங்கக் கடையில் நின்றிருந்தார். மலாய்ப் படகோட்டி ஒருவர் உள்ளே வந்து, பழைய தாலி அறுந்துபோயிற்று, புதுத் தாலி வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா, எத்தனை பாகம் நீளம் என்று கேட்டுக்கொண்டே அளக்கத் தொடங்கினார். பெரியவருக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் புரிந்திருக்கிறது. “ஏம்மா, இந்த ஊர்ல அதைக்கூடவா அளந்து விக்கிறாங்க?” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கயிறு கையிலிருந்து நழுவியது. வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் கயிறு வாங்க வந்தாலும், “எத்தனை பேர் ஏறுவாங்க?” என்று கேட்பார். கூலியாட்களைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோகும் ஒரு கங்காணிக்கு அது பிடிக்கவில்லை.

“கயிறு கேட்டா கயிறு குடும்மா. ஆள் எத்தனைன்னு உனக்கு எதுக்கு?”

“வாங்குற நீங்க கரையில நிப்பீங்க. ஏறுறவங்கதானே தண்ணியில இருப்பாங்க? அவங்களைப் பத்திக் கேட்டேன்” என்றார் அக்கா. கங்காணி முனகிக்கொண்டே இருபத்திரண்டு பேர் என்றார். அவர் கேட்டதைவிடத் தடிமனான கயிற்றைத்தான் அக்கா எடுத்துப் போட்டார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், மழைக்காலம். பினாங்கிலிருந்து கடைக்கு மணிலாக் கயிறு பன்னிரண்டு சுருள் வந்து எங்கள் கிடங்கில் இறங்கியது. அக்காவின் தாயாருக்கு உடம்பு முடியாமல் போயிருந்ததால் அவர் ஆற்றுமுகத்துக் கம்பத்தில் இருந்தார். யூசுப் தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் சரக்கை எடுத்துக்கொள்ள அவர்களால் உடனே வர முடியவில்லை. சுருள்கள் அடுக்கியிருந்த மூலையில் கூரை ஒழுகியது. அதை நான் பார்த்தேன். ஆட்களைக் கூப்பிட்டு நகர்த்திப் போட அரைமணி நேரம் போதும். ஆனால் கோலாலம்பூரில் அப்போது ஒரு நாடகக் கம்பெனி வந்து இறங்கியிருந்தது. சனிக்கிழமை ரயிலைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. திங்கட்கிழமை செய்யலாம் என்று போய்விட்டேன். திங்கட்கிழமை அது மனதில் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் கோலாலம்பூர் போனேன். இப்படியே மூன்று வாரம்.

யூசுப் வண்டி அனுப்புகிறார் என்று தகவல் வந்த பிறகுதான் அந்த மூலைக்குப் போனேன். ஆறு சுருள்கள் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடித்திருந்தன. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இரண்டு நாள் வெயிலில் போட்டேன். மேல்பக்கம் காய்ந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பூஞ்சையைத் துடைத்தேன். நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்று தாளில் என் கையாலேயே எழுதி, வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

அந்தச் சுருள்களில் ஒன்றிலிருந்து நங்கூரத்துக்குக் கயிறு வாங்கிப் போனவர் தாவூத். துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவுகளுக்குக் கூரை வேயும் ஓலை ஏற்றிப் போகும் மலாய்க்காரர். கூடவே மனைவியும் போவார்.

மறுநாள் விடியற்காலையில் சுமத்ராப் பக்கத்திலிருந்து பெருங்காற்று அடித்தது. கிடங்கின் தகரங்கள் இரண்டு பறந்தன. காற்று ஓய்ந்து ஒன்பது மணி இருக்கும். மரியம் அக்கா தோளில் ஒரு புதுக் கயிற்றுச் சுருளைச் சுமந்துகொண்டு ரயிலடியிலிருந்து வந்தார். காலையில்தான் கம்பத்திலிருந்து கடைக்குத் திரும்பியிருக்கிறார். புதுச் சுருள்களைக் கண்டதும் வழக்கம்போல முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்திருக்கிறார்.

“கிராணியாரே, ஒரு சம்பான் வேணும். யூசுப் தாவூத்துக்குக் கெட்ட கயித்தைக் குடுத்துட்டான். உள்ள எல்லாம் கறுத்துக் கிடக்கு. கடையில விளக்குக்கு வச்சிருந்த மண்ணெண்ணெய் சிந்தி நனைஞ்சிருக்கு போல, ஒரே நாத்தம். அதைக்கூடப் பாக்காம அளந்து குடுத்திருக்கான் அந்தப் பய.”

அப்போது சொல்லியிருக்கலாம். “சம்பான் ஏற்பாடு பண்றேன்” என்றேன். சம்பான்காரர் படகைத் தந்தார், கடல் இன்னும் அடங்கவில்லை என்று தான் வர மறுத்துவிட்டார். நானும் அக்காவும்தான் துடுப்பு வலித்தோம். வழி முழுவதும் அவர் யூசுப்பைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் “ம்” கொட்டினேன்.

நண்பகலில் அவர்களைக் கண்டோம். மீன் பிடிக்கக் கடலில் நட்டிருந்த மரக்கம்பங்களில் மோதிப் படகு ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. நங்கூரக் கயிறு அறுந்து, காற்று படகை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கம்பத்தில் மோதாமல் தடுக்கத் தாவூத் கையை நீட்டியிருக்கிறார். படகுக்கும் கம்பத்துக்கும் நடுவில் வலது கை நசுங்கிவிட்டது. அவர் மனைவி தன் தலைத்துணியை அதில் சுற்றிவிட்டு, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இருவரையும் சம்பானில் ஏற்றிக் கரை சேர்த்தோம். ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலர் கண்ணால் பார்த்தது. அக்கா எதையும் மறைக்கவில்லை. கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், “எங்க கடைக் கயிறுதான் அறுந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க” என்று சொன்னார். பாதிப் படகுகள் துறைமுகத்தில் புதிதாக வந்திருந்த கடைக்குப் போய்விட்டன. இனித் துடுப்பு வலிக்க முடியாத தாவூத்தைக் கடைக்குக் கூட்டிவந்து வேலை கொடுத்தார். யூசுப்பால் அந்தக் கையைத் தினமும் பார்த்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார முடியவில்லை. அக்காவும் நாக்கை அடக்கவில்லை. ஒருநாள் பத்துப் பேர் முன்னால், “உனக்கு மூக்கு எதுக்குடா இருக்கு?” என்று கேட்டுவிட்டார். யூசுப் அன்றே ஊரைவிட்டுப் போனார்.

நான் பத்து மாதம் பேசாமல் இருந்தேன். அந்தப் பத்து மாதமும் தூங்காமல் கிடந்தேன் என்று எழுதினால் அது பொய். தூங்கினேன், சாப்பிட்டேன். ஆனால் எந்த வேலையையும் முழுசாகச் செய்ய முடியவில்லை. பாதி எழுதிய தாளை வைத்துவிட்டு எழுந்து போவேன். கிள்ளானுக்குப் போகும் நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்புவேன். கடைசியில் ஒரு மத்தியானம் போனேன். தாவூத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். ஒழுகிய கூரை, நாடகம், மண்ணெண்ணெய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா கித்தான் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து முடித்த பிறகு கேட்டார்.

“யூசுப் எங்க இருக்கான்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“அப்ப போய்த் தேடுங்க.”

“தாவூத்கிட்ட நீங்க சொல்லிடுறீங்களா? ஊர்லயும் சொல்லிடுங்க. நான் மறுத்து எதுவும் சொல்ல மாட்டேன்.”

“அது உங்க வாயால சொல்ல வேண்டியது. என் வாயை எதுக்கு இரவல் கேக்குறீங்க?” என்றார். பிறகு அடுத்த கித்தானை எடுத்துக்கொண்டார்.

தேடினேன். மலாக்கா, சிங்கப்பூர், தெலுக் ஆன்சன் என்று படகுச் சாமான் விற்கும் இடமெல்லாம் கடிதம் போட்டேன். லீவு கிடைத்தபோதெல்லாம் ரயில் ஏறினேன். நாலாவது வருஷம் பினாங்கில், படகுத்துறையை ஒட்டிய கொட்டகை ஒன்றில் பாய் தைத்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்தார்.

“எனக்கு அன்னைக்கே மண்ணெண்ணெய் வாசம் வந்துச்சு, கிராணியாரே. கயித்துல இது ஏன் வருதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். கடையில ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. பேச்சு சுவாரஸ்யத்துல அடுக்கிட்டேன். இப்ப நீங்கதான் காரணம்னு நான் சொன்னா, தப்பிச்சுக்கிற மாதிரி இருக்கும்லா.”

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்குக் கிள்ளான் வந்து ஒரு வாரம் தங்கினார். அக்காளும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊர் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். யாரும் அவரைத் தேநீருக்கு அழைக்கவில்லை. அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கோலாலம்பூரில் நல்ல வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். யூசுப் பினாங்குக்கே திரும்பிப் போனார். நான் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்தேன்.

கடை மேலும் சில வருஷம் ஓடியது. அதை மூடியது பெருவெள்ளம் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளம் வடிந்த வாரம் நான் போயிருந்தேன். கூரை நிற்கிறது, சுவர் நிற்கிறது, பாதிச் சரக்கு பரணில் தப்பியிருக்கிறது. கீழே இருந்த கயிறும் கித்தானும் நனைந்திருந்தன. வெயிலில் காயப்போட்டால் ஆகும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் அப்படியே வாங்கிக்கொள்ளவும் வந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போட்டார். பரணில் எது வரை ஈரம் ஏறியது என்று தெரியவில்லை என்று அதையும் இறக்கினார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். பட்டப்பகலில், தெருவே கூடி நின்று பார்க்க, மாலை வரை எரிந்தது.

“காஞ்சதா நனைஞ்சதான்னு ஒவ்வொண்ணா பாக்க எனக்குக் கண்ணு இருக்கு. அடுத்தவனுக்கு விக்கத்தான் தைரியம் இல்லை” என்றார் என்னிடம். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேனா என்று தெரியாது. அடுத்த மாதம் கடைச்சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அவரை ஐந்தாறு முறை பார்த்திருப்பேன். பாசாரில், ரயிலடியில். குடும்பத்தை விசாரிப்பார். தாவூத்திடம் சொல்லிவிட்டீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கமாட்டாரா என்று நானும், சொல்லமாட்டானா என்று அவரும் நின்றதுபோல இருக்கும். பிறகு அவரவர் வழியில் போவோம்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் யூசுப் இருந்தார். அக்கா படுக்கையில் விழுந்ததும் பினாங்கிலிருந்து வந்துவிட்டாராம். தாடி முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொல்லி ஒரு பாயை விரித்தார்.

“அக்கா கடைசி வரைக்கும் உங்க பேரை யார்கிட்டயும் சொல்லலை” என்றார்.

“தாவூத் வீடு எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

ஆற்றோரக் கம்பத்தில், மரப்படி ஏறும் சிறிய வீடு. தாவூத் இடது கையால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். வழியில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“கை போனது போனதுதான். அது அல்லா பார்த்துக்கொள்வான். ஆனால் யூசுப் பெருநாளுக்கு வந்திருந்தபோது என் வீட்டுப் படிவரைக்கும் வந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் வெகுநேரம் கீழே நின்றுவிட்டுப் போனான். மரியம் அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கதவை இனி நான் என்ன செய்வேன்?”

அவர் எழுந்து, சட்டையைத் தேடி, மூன்று விரல் இல்லாத கையால் மெதுவாகப் பொத்தான் போட்டுக்கொண்டார். “யூசுப் இன்னும் மரியம் வீட்டில்தான் இருக்கிறானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு முன்னால் படியிறங்கிப் போனார். நீங்களும் வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் கூடப் போகவில்லை.

இப்போது உங்களுக்கும் எழுதிவிட்டேன். மனம் அடங்கிவிட்டதா என்றால் இல்லை. அக்கா என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை, நான் அதைக் கேட்டதும் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அன்று கடலிலிருந்து திரும்பிய மூன்று மணி நேரம். கையைத் தாழ்த்தினால் இரத்தம் கொட்டியது. அதனால் அக்கா தாவூத்தின் முழங்கையைத் தன் தோளில் முட்டுக்கொடுத்து, கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். தாவூத்தின் மனைவி படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். அலையடித்தபோதும் அக்கா அந்தக் கையை இறக்கவில்லை. இருந்த இடத்தைவிட்டு அசையாமல் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் தோள் நடுங்குவதைக் கண்டு, துடுப்பை நிறுத்தி, நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இரக்கத்தால் கேட்டேனா, குற்றத்தால் கேட்டேனா, தெரியாது.

அவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: “இது என் வேலை. நீங்க துடுப்பைப் போடுங்க, கிராணியாரே.”